லேப்டாப் ஆன் ஆகலையா? ஃபார்மேட் அடிக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிருங்க

17ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு மாமா போன் பண்றாரு. "மாப்ள, லேப்டாப் ஆன் ஆக மாட்டேங்குதுடா, டாலி பூரா அதுலதான் கிடக்கு, 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி போடணும், ஆடிட்டர் ரெண்டு தடவை கேட்டுட்டாரு." மாமாவுக்கு திண்டுக்கல்ல பெயிண்ட் கடை, கணக்கு எல்லாம் டாலிங்கற சாஃப்ட்வேர்லதான். பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்களான்னு கேட்டேன். "அதெல்லாம் வாராவாரம் எடுத்துருவேன்டா"ன்னு பெருமையா சொன்னாரு. எங்க மாமா எடுத்து வெச்சிருக்கீங்கன்னு கேட்டா, "டி டிரைவ்ல."

சி டிரைவ், டி டிரைவ்னு ரெண்டு பேர் இருக்கறதால நம்மாளுங்க நிறைய பேர் அது ரெண்டு தனித்தனி டிஸ்க்னு நினைச்சுக்கறாங்க. முக்காவாசி லேப்டாப்ல உள்ள இருக்கறது ஒரே டிஸ்க்தான், ஒரே வீட்டுக்கு நடுவுல சுவர் வெச்சு அண்ணன் தம்பி பிரிச்சுக்கிட்ட மாதிரி, கூரை ஒழுகினா ரெண்டு பக்கமும்தான் நனையும். சரி, மாமாவை திட்டி என்ன பண்ண, நான் மட்டும் யோக்கியமா.

நான் பண்ணினதை முதல்ல சொல்லிடறேன். பல வருஷம் முன்னாடி என் லேப்டாப் லோகோ வந்து அப்படியே நின்னுருச்சு, பக்கத்துல ஒரு சர்வீஸ் கடைல கொடுத்தேன், அந்த பையன் பார்த்துட்டு "ஓஎஸ் போயிருச்சுண்ணே, புதுசா போட்டுரலாம், டேட்டா ஏதும் வேணுமா"ன்னு கேட்டான், நான் பெரிய இவன் மாதிரி "டி டிரைவ் மட்டும் இருந்தா போதும்ப்பா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அக்கா பொண்ணு காதுகுத்து போட்டோ அத்தனையும் டெஸ்க்டாப்ல ஒரு ஃபோல்டர்ல கிடந்துச்சு. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே சி டிரைவ்குள்ளதான் இருக்குங்கறது அப்ப மண்டைல ஏறல. அக்கா இன்னைக்கு வரைக்கும் அதை சொல்லிக் காட்டுவா.

அதனால எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. லேப்டாப் செத்துப்போறது வேற, டேட்டா செத்துப்போறது வேற. மதர்போர்டு போகலாம், டிஸ்ப்ளே போகலாம், சார்ஜிங் போர்ட் போகலாம், விண்டோஸ் கெட்டுப்போகலாம், இது எதுலயும் பெரும்பாலும் உங்க ஃபைலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர். இந்த வரிசையை மாத்தறதாலதான் பாதிப் பேருக்கு டேட்டா போகுது, லேப்டாப் கெட்டதால இல்ல. கடைல கொடுத்தாலும் "ஃபார்மேட் பண்ணாதீங்க, டேட்டா எடுத்துட்டு என்கிட்ட காட்டின பிறகுதான் மத்தது"ன்னு ஜாப் ஷீட்லயே எழுத சொல்லுங்க, வாய்ல சொன்னா காத்தோட போயிரும்.

இப்ப எது செத்திருக்குன்னு பார்க்கணும். பவர் பட்டன் அமுக்கினா லைட் கூட வரலையா? சார்ஜரை கழட்டுங்க, பேட்டரி வெளிய எடுக்கற மாதிரி பழைய மாடலா இருந்தா அதையும் எடுத்துருங்க, பவர் பட்டனை ஒரு முப்பது செகண்ட் விடாம அமுக்கிப் பிடிங்க, அப்புறம் சார்ஜரை மட்டும் சொருகி ஆன் பண்ணிப் பாருங்க. உள்ள தேங்கி நிக்கற கரண்ட் வெளியேறினா சில லேப்டாப் ஒண்ணும் நடக்காத மாதிரி எழுந்திரிச்சு உக்காரும், நானே நாலஞ்சு தடவை பார்த்திருக்கேன். அதுக்கும் அசையலைன்னா வேற சார்ஜர் கிடைச்சா போட்டுப் பாருங்க, ஆனா பின் சொருகுதுங்கறதுக்காக எதையாவது போடாதீங்க, அடியில எழுதியிருக்கற வோல்டேஜ் ஒண்ணா இருக்கணும். அப்பவும் இல்லைன்னா போர்டு பிரச்சனை, டிஸ்க் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், கழட்டிதான் எடுக்கணும், கீழ சொல்றேன்.

லைட் எரியுது, ஃபேன் சத்தம் கேக்குது, ஆனா ஸ்க்ரீன் கருப்பா? மொபைல் டார்ச்சை ஸ்க்ரீன் மேல சாய்வா அடிச்சுப் பாருங்க, மங்கலா ஏதாவது தெரிஞ்சா பேக்லைட்தான் போயிருக்கு. வீட்டு டிவில ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போட்டு இணைங்க. டிவில படம் வந்துருச்சுன்னா உங்களுக்கு டேட்டா ரெக்கவரியே தேவையில்ல, டிவியைப் பார்த்துக்கிட்டே ஒரு பென் டிரைவ்ல எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டு போயிரலாம். டிவிலயும் வரலைன்னா ரேமை கழட்டி திரும்ப நல்லா அமுக்கி மாட்டிப் பாருங்க, ரேம் லூசா இருந்தாலும் இப்படித்தான் முழிச்சுக்கிட்டு நிக்கும்.

லோகோ வருது, அப்புறம் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, இல்ல நீல ஸ்க்ரீன் வருது, இல்ல பூட் டிவைஸ் இல்லைன்னு சொல்லுது, இதுதான் அதிகமா வர்ற கேஸ். ஆன் பண்ண உடனே பயாஸ்க்குள்ள போங்க, விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் ஸ்க்ரீன் அது, டெல், ஏசர், ஏசூஸ், லெனோவால பெரும்பாலும் எஃப்2, எச்பில எஃப்10. அங்க உங்க டிஸ்க் பேர் காட்டுதான்னு மட்டும் பாருங்க, வேற எதையும் நோண்டாதீங்க. பேர் தெரிஞ்சா பாதி உசுரு வந்துருச்சு, விண்டோஸ்தான் மக்கர் பண்ணுது. பேரே இல்லைன்னா டிஸ்க் போயிருக்கலாம், இல்ல கனெக்டர் லூசா இருக்கலாம்.

காபி, தண்ணி ஊத்திட்ட கேஸ்னா ஆன் பண்ணிப் பார்க்கவே பார்க்காதீங்க. சார்ஜரைப் பிடுங்கி ஆஃப் பண்ணி கவுத்து வெச்சுட்டு, டிஸ்க்கை மட்டும் கழட்டுங்க. அரிசி மூட்டைக்குள்ள புதைச்சு வைக்கறதால மதர்போர்டு காயாது, அரிசிதான் வீணாப்போகும்.

பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கற லேப்டாப்னா ஆன் பண்ணிட்டு கீழ காதை வெச்சு கேளுங்க. டிக் டிக் டிக்னு ஒரே சீரா அடிச்சா, இல்ல கரகரன்னு தேய்க்கற சத்தம் கேட்டா, அந்த நிமிஷமே ஆஃப் பண்ணிருங்க. உள்ள தட்டு ஒண்ணு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்துது, அதுக்கு மேல படிக்கற ஹெட் ஒரு தலைமுடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில மிதக்குது, அது தட்டைத் தொட்டுருச்சுன்னா ஓடற ஒவ்வொரு நிமிஷமும் உங்க போட்டோவைத்தான் சுரண்டி எடுத்துக்கிட்டிருக்கு. ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா ஓடும்னு ஒரு கதை சுத்திக்கிட்டு இருக்கு, நம்பாதீங்க, வெளிய எடுத்ததும் உள்ள ஈரம் பனிச்சு இன்னும் கெடும். மூடியை கழட்டிப் பார்க்கலாம்னு கை வெச்சுராதீங்க, ஒரு தூசி போதும். அதே மாடல் டிஸ்க் இன்னொண்ணு வாங்கி பச்சை போர்டை மட்டும் மாத்திட்டா ஓடும்னு சொல்றதும் பழைய காலத்து வித்தை, இப்ப வர்ற போர்டுல அந்தந்த டிஸ்க்குக்குன்னே தனி விவரம் ஒரு சிப்புல இருக்கு, சும்மா மாத்தினா ஓடாது. இந்த மாதிரி டிஸ்க்கை தூசியில்லாத ரூம் வெச்சிருக்கற லேப்லதான் கொடுக்கணும், செலவு பத்தாயிரக்கணக்குல போகும், கொடுக்கறதுக்கு முன்னாடி "டேட்டா வரலைன்னா எவ்வளவு வாங்குவீங்க"ன்னு கேட்டுக்கோங்க. அந்த டேட்டா அந்த காசுக்கு பெறுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், சில வீட்டுல பெறும், இறந்து போன அப்பாவோட வீடியோ அதுல மட்டும்தான் இருக்குன்னு ஒருத்தர் வந்தா நான் என்ன சொல்ல முடியும்.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் மொபைல்ல உக்காருங்க. விண்டோஸ் 10, 11ல நமக்கே தெரியாம டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் ஒன்டிரைவ்ல போய் உக்காந்திருக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு மொபைல்ல திறந்து பாருங்க, ஃப்ரீயா தர்றது 5 ஜிபிதான், அதுக்குள்ள அடங்கினது இருக்கும். கூகுள் டிரைவ் பாருங்க. ஜிமெயில்ல சென்ட் பாக்ஸ் பாருங்க, யாருக்கோ அனுப்பின ஃபைல் அங்க இருக்கும். வாட்ஸ்அப்ல அனுப்பின பிடிஎஃப் இருக்கும். மாமா கேஸ்ல ஆடிட்டருக்கே போன் போட்டேன், போன மாசத்துக்கு முந்தின மாசம் வரைக்கும் டாலி டேட்டா அவர்கிட்ட ஒரு காப்பி இருந்துச்சு. அதுக்கப்புறம் மாமாவுக்கு கொஞ்சம் மூச்சு வந்துச்சு, அதுக்கு அப்புறம் போட்ட பில் மட்டும்தான் தொக்கி நின்னுச்சு.

அப்புறம் பிட்லாக்கர், விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடற பூட்டு. இதைப் பத்தி யாரும் முன்னாடியே சொல்றதில்ல, டிஸ்க்கை கழட்டின பிறகுதான் தெரியவரும். புது விண்டோஸ் 11 லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு செட்டப் பண்ணினா டிஸ்க் பூட்டு தானாவே விழுந்துருக்க வாய்ப்பு ஜாஸ்தி, ஹோம் எடிஷன்லயும்தான். அந்த லேப்டாப்குள்ள இருக்கற வரைக்கும் மதர்போர்டுல இருக்கற சிப் தானா பூட்டைத் திறந்து கொடுத்துரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. டிஸ்க்கை வெளிய எடுத்துட்டாலோ மதர்போர்டு செத்துட்டாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அது அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல டிவைசஸ் பகுதியில இருக்கும், மொபைல்லயே லாகின் பண்ணி எடுத்துரலாம், ஒண்ணுக்கு மேல கீ இருந்தா ஸ்க்ரீன்ல காட்டற கீ ஐடியோட முதல் எட்டு எழுத்தை ஒத்துப் பார்த்து சரியானதை எடுங்க. கீ இல்லைன்னா டேட்டா இல்ல, அவ்வளவுதான், எந்த லேப்காரனும் உடைக்க முடியாது, உடைச்சுத் தர்றேன்னு காசு கேட்டா ஓடி வந்துருங்க. ஆபீஸ் லேப்டாப்னா கீ உங்க ஐடி டீம்கிட்ட இருக்கும்.

சரி, டிஸ்க் பயாஸ்ல தெரியுது, விண்டோஸ்தான் ஏறல, அப்படின்னா கழட்டாமலே எடுக்க ரெண்டு வழி இருக்கு.

முதல் வழிக்கு எதுவும் டவுன்லோட் பண்ண வேண்டாம். லோகோ வந்து வட்டம் சுத்த ஆரம்பிச்சதும் பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க, இதே மாதிரி ரெண்டு மூணு தடவை பண்ணினா அடுத்த தடவை ஆட்டோமேட்டிக் ரிப்பேர்னு வரும். இந்த ஆன் ஆஃப் விளையாட்டு சத்தம் போடற ஹார்ட் டிஸ்க்குக்கு வேண்டாம். அதுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட்னு போங்க. கருப்பு பெட்டி திறக்கும், பயப்படாதீங்க, அதுல நோட்பேட்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி என்டர் அடிங்க. நோட்பேட் திறக்குமா, அதுல ஃபைல், ஓபன் போங்க, கீழ ஆல் ஃபைல்ஸ்னு மாத்துங்க. இப்ப உங்க கண்ணு முன்னாடி இருக்கறது ஒரு குட்டி ஃபைல் எக்ஸ்ப்ளோரர். திஸ் பிசி போய் டிரைவைத் திறந்து, வேணுங்கற ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி காப்பி, பென் டிரைவ்ல போய் பேஸ்ட். இங்க சி டிரைவ் வேற எழுத்துல தெரியலாம், யூசர்ஸ்ங்கற ஃபோல்டர் எதுல இருக்கோ அதுதான் உங்க சி. காப்பி ஓடறப்ப பச்சைக் கோடு, பர்சென்டேஜ் எதுவும் வராது, நோட்பேட் தொங்கிப்போன மாதிரி நிக்கும், ஓடிக்கிட்டுதான் இருக்கும், மூடிராதீங்க. அதனால மொத்தமா 200 ஜிபியை அள்ளிப் போடாம துண்டு துண்டா எடுங்க.

அதே ஸ்க்ரீன்ல ரீசெட் திஸ் பிசின்னு ஒண்ணு கண்ணைக் கவர்ற மாதிரி முதல்லயே இருக்கும். அது பக்கம் போகாதீங்க. ஃபைலை வெச்சுக்கிட்டே ரீசெட் பண்றேன்னு ஒரு ஆப்ஷன் கொடுக்கும்தான், ஆனா இன்ஸ்டால் பண்ணின ப்ரோக்ராம் எல்லாம் போயிரும், நடுவுல பாதியில நின்னுட்டா அதுக்கு மேல கஷ்டம். செக் டிஸ்க்கும் அப்படித்தான், யூட்யூப்ல எல்லாரும் முதல் வேலையா அதைத்தான் ஓட்ட சொல்றாங்க, அது டிஸ்க்ல எழுதி சரி பண்ற ப்ரோக்ராம், உங்க ஃபைலைக் காப்பாத்தறது அதோட வேலை இல்ல, ஃபைல் சிஸ்டம் ஒழுங்கா இருக்கணும், அதுக்காக எதையும் வெட்டி எறியும். சாகக் கிடக்கற டிஸ்க்ல அதை ஓட்டறது நெஞ்சு வலின்னு வந்தவரை ட்ரெட்மில்ல ஏத்தற மாதிரி. காப்பி எடுத்து முடிச்சப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க.

ரெண்டாவது வழி உபுண்டு, விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ், ஃப்ரீ. ஃப்ரெண்டோட கம்ப்யூட்டர்ல உபுண்டு டவுன்லோட் பண்ணி ரூஃபஸ்னு ஒரு சின்ன ப்ரோக்ராம் வெச்சு 8 ஜிபி இல்ல அதுக்கு மேல இருக்கற பென் டிரைவ்ல ஏத்தணும். அந்த பென் டிரைவ்ல ஏற்கனவே இருக்கறது எல்லாம் அழிஞ்சிரும், அவசரத்துல ஒரே ஒரு பேக்கப் இருந்த பென் டிரைவையே எடுத்து அழிச்சவங்களை எனக்குத் தெரியும். காப்பி வாங்கறதுக்கு இன்னொரு எக்ஸ்டர்னல் டிஸ்க் தனியா வேணும். அப்புறம் செத்த லேப்டாப்ல பென் டிரைவை சொருகி ஆன் பண்ணினதும் பூட் மெனு பட்டனைத் தட்டணும், டெல், லெனோவா, ஏசர்ல எஃப்12, எச்பில எஃப்9, ஏசூஸ்ல எஸ்கேப், ஏசர்ல மட்டும் சில மாடல்ல எஃப்12 வேலை செய்ய பயாஸ்ல போய் அதை எனேபிள் பண்ணணும். உபுண்டு வந்ததும் ட்ரை உபுண்டு அமுக்குங்க. ட்ரை. இன்ஸ்டால் இல்ல. இன்ஸ்டால் அமுக்கி ரெண்டு தடவை நெக்ஸ்ட் அடிச்சு டிஸ்க்கை அழின்னு ஓகே கொடுத்துட்டா அப்புறம் ரெக்கவரி பண்ண ஒண்ணும் இருக்காது.

ட்ரைல போனா எதையும் டிஸ்க்ல எழுதாம பென் டிரைவ்லயே ஓடும். ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்தா உங்க டிஸ்க் அதோட சைஸ் வெச்சு தெரியும், கிளிக் பண்ணினா உள்ள போயிரலாம், பிட்லாக்கர் இருந்தா பூட்டு சிம்பல் காட்டி கேக்கும், அந்த 48 இலக்கத்தை நடுவுல இருக்கற சின்னக் கோட்டையும் சேர்த்து அப்படியே போட்டா திறக்கும். விண்டோஸ் ஒழுங்கா ஷட்டவுன் ஆகாததால சில சமயம் திறக்க மாட்டேன்னு எரர் காட்டும், அப்ப டிஸ்க்ஸ்ங்கற ஆப்ல போய் ரீட் ஒன்லியா மவுன்ட் பண்ணிக்கோங்க, நமக்கு படிச்சா போதும், எழுத வேண்டியதே இல்ல. டிஸ்க்கே தெரியலைன்னா, பயாஸ்ல மட்டும் தெரியுதுன்னா, இன்டெல் ஸ்டோரேஜ் மோட் ரெய்டுல இருக்கலாம், பயாஸ்ல அதை ஏஎச்சிஐக்கு மாத்தினா உபுண்டுவுக்குத் தெரியும். மாத்தறதுக்கு முன்னாடி பழைய செட்டிங்கை மொபைல்ல போட்டோ எடுத்துக்கோங்க, வேலை முடிஞ்சதும் அதே மாதிரி திருப்பி வைக்கணும், இல்லைன்னா நல்லா இருக்கற விண்டோஸும் ஏறாது.

மாமா லேப்டாப்ல இது எதுவும் எடுபடல. மறுநாள் காலைல பஸ் பிடிச்சு போனேன், முப்பது செகண்ட் வைத்தியம் பார்த்தேன், வேற சார்ஜர் பார்த்தேன், லைட்டே இல்ல. போர்டு காலி. கழட்டறதுதான் வழி.

கழட்டறதுக்கு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணும் பழைய ஏடிஎம் கார்டு ஒண்ணும் இருந்தா போதும். யூட்யூப்ல உங்க மாடல் நம்பர் போட்டு கழட்டற வீடியோ ஒண்ணு முதல்ல முழுசா பாருங்க. ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இல்ல, ஒரு பேப்பர்ல லேப்டாப் மாதிரி கட்டம் போட்டு எடுத்த இடத்துலயே செலோ டேப் போட்டு ஒட்டி வெச்சுக்கோங்க, நீள ஸ்க்ரூவை குட்டை இடத்துல முறுக்கினா மேல கீபோர்டு பக்கம் துருத்திக்கிட்டு வரும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்தும் மூடி வரலைன்னா பலமா இழுக்காதீங்க, அடியில இருக்கற ரப்பர் புஷ்ஷுக்குள்ள ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருக்கும். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழட்டறது. பேட்டரி உப்பிப் போய் இருந்தா அதை குத்தாம நெம்பாம விட்டுட்டு கடைல கொடுத்துருங்க.

உள்ள என்ன டிஸ்க் இருக்குன்னு பாருங்க. சீட்டுக்கட்டு மாதிரி செவ்வகமா இருந்தா அது 2.5 இன்ச் சாட்டா, ஹார்ட் டிஸ்க்கோ, சுத்தற தட்டு இல்லாம வெறும் சிப்புல ஓடற எஸ்எஸ்டியோ, எதுவா இருந்தாலும் கனெக்டர் ஒண்ணுதான், சாட்டா டு யூஎஸ்பி கேபிள்னு கேட்டா சில நூறு ரூபாய்ல கிடைக்கும். சூயிங்கம் பட்டை மாதிரி 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு ஸ்க்ரூ போட்டு படுத்துக் கிடந்தா அது எம்.2, அந்த ஸ்க்ரூவை எடுத்ததும் ஒரு பக்கம் தானா தூக்கிக்கும், அப்படியே சாய்வா இழுத்தா வந்துரும். எம்.2ல ரெண்டு சாதி இருக்கு, என்விஎம்இ, சாட்டா, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கனெக்டர்ல ஒரு வெட்டு இருந்தா பெரும்பாலும் என்விஎம்இ, ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, லேபிள்லயும் எழுதியிருக்கும். இதை உள்ள வெச்சு யூஎஸ்பில சொருகறதுக்கு கேஸ்னு ஒரு சின்னப் பெட்டி வாங்கணும், தப்பான கேஸ் வாங்கினா சில சமயம் மாட்டிக்கும் ஆனா டிஸ்க் தெரியாது, நீங்க டிஸ்க் செத்துருச்சுன்னு நினைச்சு ஒப்பாரி வைப்பீங்க. கடைக்கு டிஸ்க்கையே கொண்டு போய் காட்டி வாங்குங்க, இல்ல ரெண்டுக்கும் பொருந்தற கேஸ்னு கேளுங்க, விலை கொஞ்சம் ஜாஸ்தி. சென்னைக்காரங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு, கவலை இல்ல. திண்டுக்கல்ல நானும் மாமாவும் நாலு கடை ஏறி இறங்கினோம்.

சில லேப்டாப்ல கழட்டவே ஒண்ணும் இருக்காது. விலை கம்மியான சின்ன லேப்டாப்ல இஎம்எம்சின்னு போர்டுலயே ஒட்டி வெச்சிருப்பாங்க. 2016ல இருந்து வந்த டச் பார் மேக்புக்லயும் போர்டுலதான், டி2 (T2), எம்1னு ஆப்பிளோட சிப் வந்தப்புறம் டேட்டாவே அந்த சிப்போட பூட்டுப் போட்டிருக்கும், போர்டுக்கு உயிர் கொடுத்தாதான் டேட்டா. மேக் ஆன் ஆகுது, மேக்ஓஎஸ் மட்டும்தான் ஏறலைன்னா இன்னொரு மேக் கடன் வாங்கி கேபிள் போட்டு இணைங்க, பழைய இன்டெல் மேக்ல இங்கிலீஷ் T கீயை அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணினா எக்ஸ்டர்னல் டிஸ்க் மாதிரி தெரியும், எம்1ல இருந்து பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆப்ஷன்ஸ் போனா யுடிலிட்டிஸ் மெனுல ஷேர் டிஸ்க்னு இருக்கும்.

டிஸ்க்கை கேஸ்ல போட்டு நல்லா இருக்கற லேப்டாப்ல சொருகினதும் விண்டோஸ் ஒரு பெட்டி காட்டலாம், இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணினாதான் யூஸ் பண்ண முடியும்னு. கேன்சல். கண்ணை மூடிக்கிட்டு கேன்சல். ஸ்கேன் பண்ணி ஃபிக்ஸ் பண்ணவான்னு கேட்டாலும் வேண்டாம். பெர்மிஷன் இல்லைன்னு சொன்னா மட்டும் கன்டினியூ கொடுங்க, கொஞ்ச நேரம் பச்சைக் கோடு ஓடி திறந்துக்கும்.

என்ன எடுக்கறதுங்கறதுல ஒரு வரிசை இருக்கு, டிஸ்க் நடுவுல மண்டையைப் போட்டாலும் முக்கியமானது கைக்கு வந்திருக்கணும். சின்னது, திரும்ப செய்ய முடியாதது முதல்ல, பெரிசு, திரும்ப கிடைக்கறது கடைசில, சினிமாவெல்லாம் விட்டுத் தொலைங்க. யூசர்ஸ்ல உங்க பேர்ல இருக்கற ஃபோல்டர்தான் பிரதானம். டாலி டேட்டா அங்க இருக்காது, நீங்க மாத்தி வைக்காம இருந்தா யூசர்ஸ்ல பப்ளிக் ஃபோல்டருக்குள்ள டாலி பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள டேட்டா, அதுக்குள்ள வெறும் நம்பரா ஃபோல்டர் இருக்கும், ஒரு நம்பர் ஒரு கம்பெனி, டேட்டா ஃபோல்டரை அப்படியே தூக்குங்க. அவுட்லுக் வெச்சிருக்கறவங்க மெயில் எல்லாம் இருக்கற பிஎஸ்டி ஃபைலைத் தேடுங்க. க்ரோம்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டு ஃபோல்டரை காப்பி பண்ணினா வராது, பழைய விண்டோஸோட பூட்டிக்கிடக்கும், கூகுள் அக்கவுண்ட்ல சின்க் ஆகியிருந்தா அதுவே வந்துரும். டிடிபி, கல்யாணப் பத்திரிகை வேலை பண்றவங்க விண்டோஸ்குள்ள இருக்கற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்துக்கோங்க, பாமினிங்கற தமிழ் ஃபான்ட்ல அடிச்ச பழைய ஃபைல் அந்த ஃபான்ட் இல்லாம திறந்தா எல்லாம் கிறுக்கலா தெரியும், ஃபைல் கெட்டுருச்சுன்னு நினைச்சு அழாதீங்க.

ஒன்டிரைவ் ஃபோல்டர்ல மேகம் மாதிரி சிம்பல் இருந்த ஃபைல் எதுவும் டிஸ்க்ல இருக்காது, அதெல்லாம் இணையத்துலதான் இருக்கு, அங்க போய் எடுங்க.

காப்பி ஒரே இடத்துல நின்னு நின்னு போகுது, 10 எம்பிக்கு பத்து நிமிஷம் ஆகுதுன்னா டிஸ்க்ல பேட் செக்டார் விழுந்திருக்கு, அதாவது படிக்க முடியாத இடம். அங்க மறுபடி மறுபடி காப்பி கொடுத்து அடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. உபுண்டுல டிடிரெஸ்க்யூன்னு ஒரு ப்ரோக்ராம் போட்டுக்கலாம், அது முதல் சுத்துல நல்லா இருக்கற பகுதியை எல்லாம் வேகமா வாரிக்கும், கெட்ட இடத்தைத் தாண்டிப் போயிரும், அப்புறம்தான் திரும்ப வந்து கெட்டதை சுரண்டும், எது வரைக்கும் வந்தோம்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வெச்சுக்கறதால நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடங்கலாம். இது கமாண்ட் அடிச்சு ஓட்டறது, எங்கிருந்து, எங்கேங்கற ரெண்டையும் மாத்திக் கொடுத்துட்டா காலி டிஸ்க்கை உங்க டேட்டா மேல எழுதிரும், மூணு தடவை பார்த்துட்டு என்டர் அடிங்க. காப்பி வாங்கற டிஸ்க் மூலத்தை விட பெரிசா இருக்கணும். அப்புறம் எல்லா வேலையும் அந்த காப்பி மேலதான், மூல டிஸ்க்கை எடுத்து பீரோல வெச்சுருங்க.

ஃபோல்டர் எதுவுமே தெரியல, டிஸ்க் ரா (RAW) அப்படின்னு காட்டுதுன்னா டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக்னு ரெண்டு ரெக்கவரி ப்ரோக்ராம் இருக்கு, ரெண்டும் ஃப்ரீ, காசு கேக்கற சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. ஃபோட்டோரெக் ஒவ்வொரு ஃபைலோட ஆரம்ப அடையாளத்தை வெச்சு பொறுக்கி எடுக்கும், ஃபைல் பேரும் ஃபோல்டரும் வராது, எஃப்னு ஆரம்பிச்சு நம்பரா ஆயிரக்கணக்குல வந்து குவியும், உக்காந்து பிரிக்கணும். மீட்டதை அதே டிஸ்க்ல சேவ் பண்ணாதீங்க. ஏற்கனவே டெலீட் பண்ணின ஃபைல்னா ஹார்ட் டிஸ்க்ல கிடைக்க வாய்ப்பு இருக்கு, எஸ்எஸ்டில ட்ரிம்னு ஒண்ணு டெலீட் பண்ணின இடத்தை சீக்கிரமே சுத்தமா துடைச்சிரும், ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க.

எஸ்எஸ்டி சாகறப்ப ஹார்ட் டிஸ்க் மாதிரி சத்தமெல்லாம் போட்டு சொல்லாது, நேத்து ராத்திரி நல்லா இருந்தது காலைல பயாஸ்ல இருக்காது. பவர் திடீர்னு போனதால உள்ள கணக்கு குழம்பிப் போன சில எஸ்எஸ்டியை பவர்ல மட்டும் இருபது நிமிஷம் சும்மா விட்டு, முப்பது செகண்ட் எடுத்து, திரும்ப இருபது நிமிஷம் விட்டா தெளிஞ்சு வரும், செலவில்லாத வைத்தியம், லேபுக்கு போறதுக்கு முன்னாடி பார்க்கலாம்.

எல்லாம் காப்பி ஆனதும் ரைட் கிளிக் பண்ணி ரெண்டு பக்கமும் சைஸ் ஒத்துப் பாருங்க, ஒவ்வொரு ஃபோல்டர்லயும் நாலு ஃபைல் திறந்து பாருங்க, பேர் மட்டும் வந்து உள்ள ஒண்ணும் இல்லாம இருக்கும் சிலது. அதுக்கப்புறம் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுங்க, ஃபார்மேட் அடிங்க, என்ன வேணா பண்ணுங்க.

மாமாவோடது எம்.2, என்விஎம்இ. கேஸ்ல போட்டு என் லேப்டாப்ல சொருகினேன், பூட்டு சிம்பல் வந்துச்சு, 48 இலக்கம் கொடுன்னுச்சு. மாமா மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் எது உங்களோடதுன்னு கேட்டா, "அப்படின்னா என்னடா"ங்கறாரு. லேப்டாப் வாங்கின கடைல செட்டப் பண்ணின பையன் அவனே ஏதோ மெயில் ஐடி போட்டு ஆரம்பிச்சுக் கொடுத்திருக்கான். பில்லை அத்தை சாமி ரூம்ல இருந்து தேடி எடுத்துக் கொடுத்தாங்க, கடைக்குப் போனோம், அந்த பையன் வேலையை விட்டுட்டு கோயம்புத்தூர் போயிட்டானாம், நம்பர் வாங்கி பேசினா நல்ல பையன், அஞ்சு நிமிஷத்துல லாகின் பண்ணி கீயை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டான். பூட்டு திறந்துச்சு. டாலி ஃபோல்டர் அப்படியே இருந்துச்சு. 19ஆம் தேதி சாயங்காலம் ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஃபைல் பண்ணியாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு.

இப்ப மாமா புதுசா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கியிருக்காரு, வாராவாரம் தவறாம பேக்கப் எடுக்கறாரு. அதை பத்திரமா லேப்டாப் பையிலயேதான் வெச்சிருக்காரு.